கேபிளைச் சரிசெய்த பிறகும்

வாசனை வந்துவிட்டது, இனி கொஞ்ச நேரத்தில் கறுப்பு வரும், இந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான், முதலில் ரப்பர் கருகுவது மாதிரி, கூடவே சர்க்கரை தீய்வது மாதிரி ஒரு வாசனை, அடிவயிற்றிலிருந்து எதுவோ லிஃப்டில் ஏறி வருவது மாதிரி மேலே வரும், அது பயம்தான், வேறென்ன, இத்தனை ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கண்ணெதிரே கருகினால் வயிறு கலங்காதா, அப்புறம் திரை கறுத்துவிடும். ஆனால் இப்போது பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பாயில் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு பாகமாக முகர்ந்துகொண்டிருக்கிறேன், பவர் சப்ளையை, மதர்போர்டை, செங்கல் கனத்தில் குறுக்கே கிடக்கும் கிராஃபிக்ஸ் கார்டை. புதுப் பிளாஸ்டிக் மணம் மட்டும்தான் வருகிறது. கரண்டே இல்லாத பெட்டியில் எது கருகும். என் வீட்டுக்காரர் வேல்ராஜ், மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், மோட்டார் கம்பிச்சுருள் புகைந்தால் இரண்டு ஷெட் தாண்டி நின்று கண்டுபிடிக்கிற மூக்கு அவருக்கு, நேற்றுக் காலையில் அவரை இழுத்துவந்து உட்கார வைத்து முகரச் சொன்னேன், குனிந்து நன்றாக மூச்சை இழுத்தவர், "எனக்கு ஒண்ணும் வரல தாமரை, உனக்குச் சளி கிளி பிடிச்சிருக்கா" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சளி பிடித்தால் வாசனை போகும், இல்லாத வாசனை எப்படி வரும். கையில் டார்ச் இருந்தது, எங்கே வைத்தேன். டீயை எடுத்துக் குடிக்கலாம் என்று திரும்பினால் அதில் ஏடு படிந்து ஆறிக் கிடக்கிறது. இப்போதுதானே ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தேன். சேலத்து ஏப்ரல் மாதத்தில் டீ இவ்வளவு சீக்கிரம் ஆறுமா, ஃபேன் காற்று நேராக அடிப்பதால் இருக்கும், ஆமாம், ஃபேன்தான்.

எடிட்டிங்குக்காக என்று சொல்லித்தான் வாங்கினேன். கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை, வீட்டிலிருந்தே செய்வது, பழைய லேப்டாப் முகூர்த்தக் காட்சியை ஓட்டவே மூச்சு வாங்கியது, அதனால் வேல்ராஜ் ஒன்றும் கேட்கவில்லை. எடிட்டிங்குக்கு எதற்கு இத்தனை கலர் லைட் என்று மட்டும் கேட்டார். உண்மையில் செழியனுக்காகத்தான். என் தம்பி, கத்தாரில், தோகா துறைமுகத்தில் வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேறென்ன, ஒண்ணுமில்ல என்று முடிந்துபோகும், விளையாடிக்கொண்டே பேசினால் மட்டும்தான் அவனுக்கு வாய் திறக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படி, இரண்டு பேருக்கும் கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மனசில் இருப்பது வெளியே விழும். ஒருதரம் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் பனிக்காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டே, "இங்க ஒருத்தன் கிரேன்ல இருந்து விழுந்து செத்துட்டான்க்கா, என் ரூம்ல இருந்தவன்" என்றான், சாதாரணமாக, அடுத்த விறகை எடுத்துக்கொண்டே. போனில் அதை அவன் சொல்லியிருக்கவே மாட்டான். அதனால் இந்த மெஷின் வேண்டும், இது சரியாக வேண்டும். இது கறுத்துப்போகிற ஒவ்வொரு முறையும் அந்தக் காட்டில் அவன் தனியாக நிற்கிறான்.

கறுப்பு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று சத்தத்தோடு. திரை பட்டென்று அணையும், உள்ளே இருக்கிற ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து அலறும், அப்புறம் எல்லாம் அடங்கிக் கம்பெனி லோகோவோடு முதலிலிருந்து தொடங்கும். இன்னொன்று சத்தமே இல்லாதது. கண்ணை மூடித் திறக்கிற நேரம், கட், அவ்வளவுதான், அலறலும் கிடையாது லோகோவும் கிடையாது, நான் பார்க்கும்போது எல்லாம் திரும்ப வந்திருக்கும், ஆனால் நான் விட்ட இடத்தில் இருக்காது. ஆற்றங்கரையில் நின்றேன் என்றால் மரத்தடியில் இருப்பேன். கையில் கோடரி இருந்தது என்றால் இருக்காது. கல்யாண வீடியோவில் நான் தினமும் பார்க்கிற விஷயம்தான், கேமராக்காரர் பேட்டரி மாற்றிய நேரத்தில் ஒரு ஃப்ரேமில் மாலை தட்டில் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் கழுத்தில் இருக்கும், நடுவில் இருந்தது யாருக்கும் கிடைக்காது, நான் ஒரு பூவைப் போட்டு மறைப்பேன். இதைக் கடையில் ரியாஸிடம் சொன்னேன், கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான். "ஃப்ரீஸ் ஆகுதுங்களா மேடம், இல்ல ரீஸ்டார்ட் ஆகுதுங்களா?" என்றார். இரண்டும் என்றேன். "சார் வந்தா கொஞ்சம் தெளிவா சொல்வாரு," என்றார். சார் இதைத் தொட்டதே இல்லைங்க, ரேம் எந்த ஸ்லாட்டில் போடணும் என்று எனக்குத் தெரியும், என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். கடையிலேயே வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "இங்க ஜம்முனு ஓடுதுங்க மேடம். உங்க வீட்லதான் ஏதோ இருக்கு." கரண்ட்டைச் சொன்னார், எர்த்திங்கைச் சொன்னார், எனக்கு மட்டும் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது, உங்க வீட்லதான் ஏதோ இருக்கு, மடியில் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் அது, வெதுவெதுவென்று, இப்போதுதான் தூங்கப் போன எதுவோ மாதிரி.

இன்று விட மாட்டேன். மகள் நிலானியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை, செழியன் காத்திருப்பான். ரேம் இரண்டு துண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் போட்டு ஓட்டினேன், சத்தத்தோடு கறுத்தது. அதைக் கழற்றி இதைப் போட்டேன், அதற்கும் கறுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டிருக்காது, அப்படியானால் ரேம் இல்லை. டிரைவர் சாஃப்ட்வேரைச் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினேன். சூடு பார்த்தேன், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. யோசி தாமரை, எது மாறாமல் இருக்கிறது, எதை நீ இன்னும் தொடவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காணோம். பாயில் இல்லை, மேசையில் இல்லை, பெட்டிக்குள் விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், டார்ச் என் இடுப்பில் செருகியிருந்தது. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் முட்டைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர், சில்லென்று, வரிசையாக நிற்கிற முட்டைகளில் ஒன்று மாதிரி அழகாக நிற்க வைத்திருக்கிறது. நிலானி என்றால் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள், அவள் போன பிறகு இந்த ஸ்க்ரூடிரைவரால்தான் கண்ணாடியைக் கழற்றினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரும் இல்லை என்று நினைத்ததும் பின்கழுத்து கூசியது, திரும்பிப் பார்த்தேன், ஹால், பாய், பாயில் சாய்ந்திருக்கிற கண்ணாடி, கண்ணாடியில் ஃப்ரிட்ஜின் மஞ்சள் வெளிச்சம், அதன் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள், கையில் எதையோ வைத்துக்கொண்டு. நான்தான். தூக்கம் போதவில்லை, அதுதான். பிள்ளைக்குப் பரீட்சை, கல்யாண சீசன், மூன்று வீடியோ நிலுவையில் நிற்கிறது, தூக்கம் கெட்டால் இப்படித்தான் கை ஒன்று செய்யும் மனசு வேறெங்கோ இருக்கும். போன வாரம் சிக்னலில் கூட. பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், என் வண்டி மட்டும் நகரவில்லை, சுற்றி எல்லோரும் திட்டிக்கொண்டே போனார்கள், பின்னால் உட்கார்ந்திருந்த நிலானி என் முதுகில் தட்டினாள், மெதுவாக, கதவைத் தட்டுவது மாதிரி. பச்சை விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. சிவப்பு, அப்புறம் மறுபடியும் சிவப்பு. நடுவில் பச்சை வந்து போனது என்று பஸ்காரன் சொன்னான், கெட்ட வார்த்தையோடு சொன்னான்.

கேபிள். கேபிளை நான் தொடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகிற தடித்த கறுப்புக் கேபிள், கடையில் செருகியது, செருகித்தான் இருக்கிறது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அதனால்தான் இத்தனை நாள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. கண்ணாடியை மாட்டினால் அது கேபிளின் வளைவைக் கொஞ்சம் அழுத்துகிறது. கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்து ஓட்டியிருப்பார்கள். வீட்டில் நான் சோதிக்கும்போதெல்லாம் கண்ணாடியை மாட்டித்தான் ஓட்டினேன், பிள்ளை கையை விடுவாள் என்ற பயத்தில். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு பக்கம் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி. அவ்வளவுதான். பெருவிரலை வைத்து அழுத்தினேன், டக் என்று ஒரு சத்தம், சின்னதாக, தீர்மானமாக. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாயில் உட்கார்ந்து சிரித்தேன், தனியாக, கண்ணில் தண்ணீர் வர. கேபிளின் வளைவைத் திருப்பிவிட்டு, கண்ணாடியை மாட்டி, பிளக்கைச் செருகி, மெஷினை அதன் சக்திக்கு முழுதாக ஓட வைக்கிற சோதனையைத் தொடங்கிவிட்டுச் சோற்றை வடித்தேன், துணி மடித்தேன், தெருவில் வந்த வண்டியில் கீரை வாங்கினேன், திரும்பத் திரும்ப வந்து பார்த்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. அலறல் இல்லை, கறுப்பு இல்லை. ரியாஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாரிங்க மேடம், பசங்க அசெம்பிள் பண்ணும்போது கவனிக்காம விட்டுட்டாங்க," என்றார், பிறகு, "பரவாயில்லைங்களே, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க," என்றார். எனக்கு அது போதும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, வந்துட்டியா," என்றான் செழியன், காதுக்குள், பக்கத்து அறையில் இருப்பது மாதிரி. "சரி பண்ணிட்டேன்டா. கேபிள்தான்." "நிஜமாவா? எத்தன நாள் உயிர வாங்குச்சு." அவனுடைய ரூம் ஏசி உறுமுவது கேட்டது. காட்டுக்குள் இறங்கினோம். இந்த விளையாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை, பனி விழுகிற ஒரு காடு, இரண்டு பேர், விறகு பொறுக்கி நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மரங்களுக்கு நடுவில் ஓர் உருவம் நிற்கும், மனுஷ உயரத்தில், ஒன்றும் செய்யாது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அசையாது. பார்வையை எடுத்தால்தான் நகரும். அதனால் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், மற்றவர் விறகு பொறுக்க வேண்டும். "நான் பாக்குறேன், நீ பொறுக்கு," என்றேன். பனி விழுவது புதுத் திரையில் ஒவ்வொரு துகளாகத் தெரிகிறது, பழைய லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் புகையாக இருந்தது. செழியன் ரம்ஜான் லீவுக்கு வர முயற்சி செய்வதாகச் சொன்னான், ஊரில் ஒரு பெண் வீட்டார் போட்டோ அனுப்பியிருக்கிறார்களாம், அதைச் சொல்லும்போது அவன் குரல் விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, பேர் என்னடா என்று கேட்டேன், சொன்னான், ரப்பர் கருகுகிற வாசனை வந்தது, கேபிளைத்தான் சரி செய்துவிட்டேனே என்று நினைத்தேன், வயிற்றில் லிஃப்ட் ஏறியது, இந்தக் காட்டை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, பார்த்துத்தான் இருக்கிறேன், ஆனால் இப்படி இல்லை, திரைக்கு வெளியே, மிகப் பழைய காலத்தில், இதே பனி, இதே மரம், இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று கூடத் தெரியும், நுனி நாக்கில் இருக்கிறது,

நெருப்பு அணைந்திருந்தது. திரையில் எனக்கு முன்னால் ஒரு மரப்பட்டை மட்டும், மிக அருகில், நான் மரத்தோடு முகத்தை ஒட்டி நின்றிருந்தேன். "என்னடா, கட் ஆயிடுச்சா?" என்றேன்.

அவன் ரூம் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"செழியா?"

"அக்கா." அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்க போன?"

"எங்கயும் போகலடா. மறுபடியும் கட் ஆயிடுச்சு போல. சே, சரி பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"கட் ஆகலக்கா."

"ஆச்சுடா. நீ அந்தப் பொண்ணு பேர் சொன்ன, அப்புறம்..."

"பேர் சொன்னேன். அப்புறம் நீ திரும்பி நடந்து போய் மரத்துல முட்டிக்கிட்டு நின்ன. நடந்துக்கிட்டே நின்ன. நான் பக்கத்துல வந்து சுத்தி சுத்திப் பார்த்தேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அந்த உருவம் நகந்து வந்து நெருப்ப அணைச்சிட்டுப் போயிடுச்சு, நீ திரும்பிக் கூடப் பாக்கல."

"மெஷின் ஃப்ரீஸ் ஆகியிருக்கும்."

"லைன் இருந்துச்சுக்கா. உன் மைக் இருந்துச்சு. நீ மூச்சு விடுறது கேட்டுச்சு. வாய் சப்புக் கொட்டுற மாதிரி ஒரு சத்தம். மவுஸ் விடாம கிளிக் ஆயிட்டே இருந்துச்சு. நீ விளையாட்டு காட்டுறன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் பயமாயிடுச்சு."

நான் கைகளைப் பார்த்தேன். வலது கை மவுஸ் மேல் இருந்தது. இடது கை புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது, இறுக்கமாக, நன்றாக. நான் போட்டது இல்லை. மெஷின் மெல்ல முனகிக்கொண்டு ஓடியது, அதன் எல்லா விளக்குகளும் எரிந்தன, திரையில் பனி ஒவ்வொரு துகளாக விழுந்துகொண்டிருந்தது. அது எங்கேயும் போகவில்லை. "போன வாரமும் இப்படித்தான்க்கா," என்றான் அவன். "கட் ஆச்சுன்னு நீ சொன்ன. எனக்குக் கட் ஆன மாதிரி இல்ல. சரி, நெட் பிரச்சனையா இருக்கும்னு விட்டுட்டேன்."

ஹெட்செட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் அவன் போய்விடுவான் என்று இருந்தது. அப்படியானால் சத்தத்தோடு வந்த கறுப்பு மட்டும்தான் இதனுடையது, சத்தமில்லாதது எல்லாம் என்னுடையது, ஆறிய டீ என்னுடையது, ஃப்ரிட்ஜில் நின்ற ஸ்க்ரூடிரைவர் என்னுடையது, வாசனை என் வீட்டில் இல்லை, பெட்டியில் இல்லை, அதனால்தான் வேல்ராஜுக்கு வரவில்லை, ஏனென்றால் அது என் மண்டைக்குள் எங்கேயோ கருகுகிறது. எப்போதிலிருந்து. கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்துதான் நான் கறுப்பை எண்ணிக் கவனிக்க ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் பால் பொங்கி வழிந்தது, வெண்டைக்காயை இரண்டு தடவை கழுவினேன், பக்கத்து வீட்டு அமுதா, "என்னங்க கூப்பிடக் கூப்பிடப் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க," என்று மனத்தாங்கலோடு கேட்டாள், அதெல்லாம் எங்கே போய்ச் சேரும். நான் இல்லாத நேரத்தில் என் கை முடிச்சுப் போடுகிறது. நான் இல்லாத நேரத்தில் என் கால் நடக்கிறது. கதவைத் திறந்து வெளியே போயிருக்குமா. யாரிடமாவது பேசியிருக்குமா. அது நிற்கும்போது பார்த்துக்கொண்டிருப்பது யார். இதை நினைக்க நினைக்க வாசனை வருகிறதா என்று மூக்கு தேடியது, வந்தால் என்ன செய்வேன், எதைப் பிடித்துக்கொள்வேன், மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கலாம்.

சுவரில் மணியைப் பார்த்தேன். நிலானியைக் கூட்டிவர வேண்டிய நேரம். பழக்கத்தில் கை ஸ்கூட்டர் சாவியை எடுத்தது, எடுத்த பிறகுதான் நான் பார்த்தேன், சாவி கையில் இருந்தது. அதைத் திரும்ப ஆணியில் மாட்ட எனக்கு வெகு நேரம் ஆனது மாதிரி இருந்தது.

"செழியா, நான் போன்ல கூப்பிடுறேன். எடு. பிள்ளைய கூட்டிட்டு வரணும், நடந்து போறேன்."

"மாமாவைக் கூப்பிடுக்கா."

"மில்லுக்குள்ள போன் எடுக்க மாட்டாரு. மெசேஜ் போட்டிருக்கேன். நீ லைன்ல இரு. நான் பேசாம போனா..." நான் பேசாமல் போனால் தோகாவிலிருந்து அவனால் என்ன செய்ய முடியும்.

"பேசிக்கிட்டே நட," என்றான். "என்ன தெரியுதோ அதைச் சொல்லு. நிறுத்தாத."

சொன்னேன். கதவைப் பூட்டிட்டேன்டா. படி இறங்குறேன். அமுதா வீட்டுக் கோலம். வெயிலு. ஓரமாத்தான் நடக்குறேன், சுவர் பக்கமா. இஸ்திரி வண்டிக்காரர் இருக்காரு, வணக்கம் வைக்கிறாரு. மருந்துக்கடை. தண்ணி லாரி ஒண்ணு நிக்குது, தாண்டிட்டேன். இந்தத் தெருவில் எட்டு வருஷமாக இருக்கிறேன், ஒரு நாளும் இப்படி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி நடந்ததில்லை, சொல்லாமல் விட்ட இடம் எல்லாம் பள்ளம் மாதிரி இருந்தது, விட்டால் விழுந்துவிடுவேன் மாதிரி. ஒரு நாய் தூங்குது. ஒரு வீட்ல மிக்ஸி ஓடுது. ரோடு கிராஸ் பண்ணப் போறேன். "யாரையாவது கூட கிராஸ் பண்ணச் சொல்லுக்கா," என்றான். யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது. ஓர் அம்மா கைப்பையோடு நின்றிருந்தார், அவரிடம், "அக்கா, எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கட்டுமா," என்றேன். "பிடிச்சுக்கம்மா," என்று சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கை வேர்த்து, கெட்டியாக, உண்மையாக இருந்தது. அந்தப் பக்கம் போய் விட்ட பிறகும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நிலானி கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றாள், இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. "வண்டி எங்கம்மா?" என்றாள். இன்னைக்கு ஆட்டோ என்றேன். அவளுக்குச் சந்தோஷம். செழியனிடம் பிள்ளை வந்துவிட்டாள், ஆட்டோவில் ஏறிவிட்டேன் என்று சொன்னேன், வைக்க மனசில்லாமல் வைத்தான். ஆட்டோ நகர்ந்தது. கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். பிள்ளையிடம் இதைக் கேட்டால் பயப்படுவாள். ஆனால் இந்த வீட்டில் என்னோடு அதிக நேரம் இருப்பவள் இவள்தான், நான் இல்லாத என்னோடும் அதிக நேரம் இருந்தவள் இவளாகத்தான் இருக்கும்.

"கண்ணு, அம்மா சில நேரம் பேசாம அப்படியே நிப்பேனா?"

"ஆமா." பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்டது மாதிரி.

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"எண்ணுவேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு. எண்ணிக்கிட்டே இருந்தா நீ வந்துடுவ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

யோசித்தாள். "நீ விளையாடுறன்னு நினைச்சேன். அசையாம நிக்கிற விளையாட்டு. உன்கிட்ட சொன்னா நான் தோத்துடுவேன்ல."

என் போன் அடித்தது. வேல்ராஜ். பின்னால் மில் இரைச்சல், "என்ன தாமரை, அவசரம்னு போட்டிருக்க," என்று கத்தினார். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்றேன். "அதுக்கா?" என்றார். இல்லைங்க, என்றேன், என்னுடைய சத்தமில்லாத கறுப்பைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எனக்கு நடுநடுவுல நினைவு போகுதுங்க, நின்னுக்கிட்டே, எனக்கே தெரியாம. இன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்," என்று மட்டும் சொன்னேன். இரைச்சலில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு, "எவ்வளவு நேரம் போகுது?" என்றார். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றுதான் அது. போனை ஸ்பீக்கரில் போட்டு நிலானியிடம் கொடுத்தேன். "அப்பா கேக்குறாரு பாரு. நான் நின்னா எவ்வளவு நேரம் நிப்பேன்னு சொல்லு."

"அப்பா," என்றாள். "எப்பவும் ஐம்பதுக்குள்ள வந்துடுவாங்க. ஒரு தடவதான் நூறு தாண்டிடுச்சு. நூறுக்கு மேல எனக்கு வராதுல்ல, அதனால திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணினேன்."

"எப்படா கண்ணு அது?" என்றார் வேல்ராஜ்.

"பாலத்துக்கு அடியில. நாங்க வண்டியில வந்துட்டு இருந்தோம்."

"வண்டி நின்னுட்டு இருந்துச்சா?"

"இல்லப்பா. ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா மெதுவா போய், ஓரத்துல மண்ணுல நின்னுடுச்சு. லாரிக்காரர் இறங்கி வந்து திட்டினாரு. அம்மா சிரிச்சாங்க. நான் அம்மாவ நல்லா கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், விழாம."

பாலத்துக்கு அடியில். லாரிக்காரர். சிரித்தேனாம். தேடிப் பார்த்தேன், எந்த நாள், எந்தப் புடவை, மண் எப்படி இருந்தது, லாரி என்ன நிறம், ஒன்றுமே இல்லை, பூ போட்டு மறைத்த இடம்கூட இல்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியாக ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். நிலானியின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டேன், பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு அவள் கையை என்மேல் போட்டுக்கொண்டேன்.

போனில் இரைச்சல் திடீரென்று நின்றது, ஒரு கனமான கதவு மூடுகிற சத்தம், வேல்ராஜ் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டார். அவர் குரல் இப்போது கத்தவில்லை.

"தாமரை, எங்க இருக்கீங்க? சரியா எந்த இடம்?"

வெளியே எட்டிப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.